விசாரணைக்கே வராத வழக்கின் பேராசிரியர்

1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் போபால் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் ஊருக்குள் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஆனால் நிறுவனத்தின் மீதான இழப்பீட்டு வழக்கு எந்த நீதிமன்றத்திலும் முழுமையாக விசாரிக்கப்படவில்லை. ஆலையை வடிவமைத்தவர்களை யாரும் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. அப்படியிருந்தும் யார் என்ன வாதாடினார்கள் என்பதை இன்று ஒரு சட்ட மாணவர் படிக்க முடிகிறது. அதற்கு முக்கியக் காரணம் தில்லிப் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் உபேந்திர பாக்ஸி.

பின்னாளில் அவர் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். இங்கிலாந்தின் வார்விக்கிலும் கற்பித்தார். அந்தப் பதவிகளைவிட, போபால் வழக்கின் ஆவணங்களைத் திரட்டி அவர் கொண்டுவந்த தொகுப்புகளையே நான் பெரிதாக மதிக்கிறேன். 1986இல் இரண்டு வந்தன. அவற்றில் ஒன்றைத் தாமஸ் பாலுடன் சேர்ந்து தொகுத்தார். மூன்றாவது, அமிதா தாண்டாவுடன் 1990இல் வந்தது.

முதல் தொகுப்பு நியூயார்க் வழக்கைப் பற்றியது. 1985இல் இந்திய அரசு அங்கே போய் வழக்குத் தொடுத்தது. இத்தகைய வழக்கை நம் நீதிமன்றங்களால் தாங்க முடியாது என்பது அரசின் வாதம். அதற்கு ஆதரவாக அமெரிக்கப் பேராசிரியர் மார்க் கலன்டர் பிரமாணப் பத்திரம் தந்தார். நிறுவனத்தின் தரப்பில் இந்திய வழக்கறிஞர் நானி பல்கிவாலா, இந்திய நீதிமன்றங்களுக்கு அந்தத் திறமை உண்டு என்றார். குற்றம் சாட்டப்பட்ட நிறுவனம் நம் நீதித்துறையைப் புகழ, நம் அரசே அதைக் குறைத்துப் பேசியது! 1986 மே மாதம் நீதிபதி கீனன் வழக்கை இந்தியாவுக்கே அனுப்பிவிட்டார். நம் நீதிமன்றங்களின் தாமதத்தைப் பற்றிக் கலன்டர் அந்தப் பத்திரத்தில் சொன்னது எவ்வளவு சரி என்பதைப் போபால் மக்கள் பிறகு அனுபவித்தே அறிந்தார்கள்.

தாமதம் மட்டுமல்ல, நச்சுக் கசிவு வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் நிரூபணச் சுமையும் பெரிது. நோய் பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். எந்த வாயுவால் வந்தது என்று அவரே நிரூபிக்க வேண்டும். அதற்கான தகவலோ நிறுவனத்தின் கையில் இருக்கும். ஆபத்தான பொருளை வைத்திருப்பவரே அது வெளியேறினால் பொறுப்பு என்னும், 1868ஆம் ஆண்டின் ஆங்கிலேயத் தீர்ப்பான ரைலண்ட்ஸ் வழக்கின் விதியில் நிறுவனம் தப்பிக்க விதிவிலக்குகளும் உண்டு. அந்நியர் செய்த செயல் அவற்றில் ஒன்று. யூனியன் கார்பைடு, ஊழியர் ஒருவரின் நாசவேலை என்றே வாதிட்டது. தில்லி ஸ்ரீராம் ஆலையில் ஒலியம் வாயு கசிந்த வழக்கில், 1986 டிசம்பரில் நீதிபதி பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அந்த விலக்குகளை அகற்றியது. ஆபத்தான தொழில் நடத்துபவருக்கு முழுப் பொறுப்பு. நிறுவனம் எவ்வளவு பெரிதோ இழப்பீடும் அவ்வளவு பெரிது என்றது.

போபாலுக்கென்றே வார்த்ததுபோன்ற கோட்பாடு அது. ஆனால் 1989 பிப்ரவரியில், அரசு கேட்ட 330 கோடி டாலருக்குப் பதில் 47 கோடி டாலருக்கு உச்ச நீதிமன்றத்தில் சமரசம் முடிந்தது. பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமல் செய்த அந்தச் சமரசத்தைப் பாக்ஸி கடுமையாக எதிர்த்தார். கூடுதல் இழப்பீடு கோரிய அரசின் மறுசீராய்வு (curative) மனுவும் 2023இல் தள்ளுபடியானது.

அந்த முழுப் பொறுப்பு, 1996இல் வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகளின் வழக்கில் நம் ஊருக்கும் வந்தது. மாசுபடுத்தியவரே நிலத்தையும் நீரையும் மீட்கும் செலவை ஏற்க வேண்டும் என்றது தீர்ப்பு. நம் சட்டக் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: இந்தத் தீர்ப்புகளோடு நிறுத்திவிடாமல், போபால் வழக்கின் மனுக்களையும் பதில் மனுக்களையும் வகுப்பில் படிக்க வையுங்கள்.