வாங்கிப் பார்… விற்றுப் பார்!

(மூன்றாமாண்டு சிவில் மாணவன்)



‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டிப் பார்ப்பதற்கு நமக்கு ஆறு செமஸ்டர் பாடம் இருக்கிறது. ஆனால் யாரோ கட்டிய பழைய வீட்டை வாங்கி, பழுது பார்த்து, லாபத்துக்கு விற்றுப் பார்ப்பதற்கு எந்த செமஸ்டரிலும் பேப்பர் கிடையாது. அந்தப் பேப்பரை நானும் என் தாய்மாமாவும் 2024-இல் எழுதினோம். எத்தனை மார்க் வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாமாவின் கணக்கு

மாமா தோகாவில் பதினாலு வருஷம் எலெக்ட்ரிக்கல் ஃபோர்மேனாக இருந்தவர். ஊருக்குத் திரும்பியதும், “பேங்க்ல போட்டு என்னடா வரும்? பழைய வீடு ஒண்ணு வாங்கி, ரிப்பேர் பண்ணி வித்தா ஆறே மாசத்துல ஆறு லட்சம்” என்றார். திருச்சியில் ஒரு பழைய தெருவில் வீடும் பார்த்துவிட்டார். மூன்று சென்ட் மனை, 1988-இல் கட்டிய 800 சதுர அடி கான்கிரீட் வீடு. விலை 28 லட்சம்.

“28 போட்டு வாங்குறோம். 4 லட்சம் ரிப்பேர். ஆச்சு 32. இந்தத் தெருவுல நல்லா இருக்கற வீடு 38-க்குப் போகுது. மிச்சம் 6. எங்கேடா மாப்ளே தப்பு?”

எனக்கும் தப்பு எதுவும் தெரியவில்லை. மாமாவின் சேமிப்போடு கடன் 8 லட்சம் சேர்ந்தது. அதில் 4 லட்சம் அம்மாவின் 12 பவுன் நகையை அடகு வைத்தது. மீதி 4 லட்சம் மாமாவின் நண்பரிடம் வாங்கியது. நகையைக் கழற்றிக் கொடுக்கும்போது அம்மா, “நீ சிவில் படிக்கிறே இல்லே, கூடப் போய் நல்லாப் பாரு” என்று மட்டும் சொன்னார்கள்.

நானும் கூடப் போனேன். சுவரைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன், போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தேன். கூரை பளிச்சென்று வெள்ளையடித்து இருந்தது. ‘நல்லா மெயின்டெயின் பண்ணியிருக்காங்க’ என்று நினைத்துக்கொண்டேன். வீடு முழுக்கப் பழைய டிஸ்டம்பர் இருக்க, சமையலறை, குளியலறைக் கூரைகளுக்கு மட்டும் ஏன் புது வெள்ளை என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கேள்வியின் விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்!

காகிதம் முதலில்

காகித விஷயத்தில் மட்டும் மாமா உஷாராக இருந்தார். முப்பது வருஷ வில்லங்கச் சான்று போட்டார். பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே இதைப் பார்க்கலாம். தாய்ப்பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா, பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா, பாட்டன் சொத்து என்றால் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போடுகிறார்களா, வீட்டு வரியும் மின் கட்டணமும் பாக்கி இல்லையா என்று ஒரு வக்கீலை வைத்துப் பார்த்தோம். அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஜெராக்ஸைக் காட்டினால் அசல் எங்கோ அடமானத்தில் இருக்கலாம். இன்னொன்று: சொத்து விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். அட்வான்ஸையும் பேங்க் வழியாகவே கொடுத்தோம்.

2024 தை மாதம் பத்திரம் பதிந்தோம். அன்றைக்குத்தான் மாமாவின் கணக்கில் முதல் ஓட்டை விழுந்தது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 28 லட்சத்துக்கு 2,52,000 ரூபாய்! (பத்திரத்தில் போடும் விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு - இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் இந்தக் கணக்கு.) புரோக்கர் 1 சதவீதம் கையை நீட்டினார். மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கூரை பேசியது

வேலை ஆரம்பித்து இரண்டாவது வாரம். சமையலறையில் ஃபேன் கொக்கிக்காக எலெக்ட்ரீஷியன் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். தாம்பாளம் அளவு கான்கிரீட் பெயர்ந்து கீழே விழுந்தது. நல்லவேளை, யார் தலையிலும் விழவில்லை. உள்ளே இருந்த 8 மில்லி மீட்டர் கம்பி, கையால் தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது.

இது ஏன் நடக்கிறது? புது கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உள்ளது, அதன் பி.எச். மதிப்பு 12-க்கு மேல். அந்தக் காரம்தான் கம்பிக்குக் கவசம். வருஷக்கணக்கில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே நுழைந்து காரத்தைக் குறைக்கிறது. பி.எச். 9-க்குக் கீழே போனால் கவசம் போச்சு. அப்புறம் மாடியிலிருந்து தண்ணீர் கசிந்தால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைப் போல இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். இடம் பற்றாமல் கீழேயுள்ள கான்கிரீட்டைப் பிதுக்கித் தள்ளுகிறது.

இதைச் சோதிக்கப் பெரிய மெஷின் வேண்டாம். முதலாமாண்டு கெமிஸ்ட்ரி லேபில் டைட்ரேஷனுக்குச் சொட்டுச் சொட்டாக விட்டோமே, அதே பினாப்தலின்தான். புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் தெளித்தால், இளஞ்சிவப்பாக மாறும் இடத்தில் காரம் இருக்கிறது. நிறம் மாறாத இடத்தில் போய்விட்டது. எங்கள் சமையலறைக் கூரையில் கம்பி ஆழம் வரை நிறமே மாறவில்லை.

மேஸ்திரி தாடையைத் தடவிக்கொண்டார். “தம்பி, லூசானதைத் தட்டிவிட்டு, சிமெண்டு பூசி, புட்டி வச்சு பெயிண்ட் அடிச்சுடலாம். மூணு வருஷத்துக்கு மூச்சு விடாது. நாமளா குடியிருக்கப் போறோம்? விக்கத்தானே போறோம்?”

நமக்கு விற்றவரும் இதைத்தானே செய்திருக்கிறார்! முறையாகச் சரிசெய்ய 1,40,000 ஆகும் என்றதும் மாமா அன்றிரவு சாப்பிடவில்லை. மேஸ்திரி சொன்னதை அம்மாவிடம் சொன்னார். அம்மா கேட்டது ஒரே கேள்வி: “அந்த அடுப்படியில நான் நின்னு சமைச்சா இப்படித்தான் பூசுவியாடா தம்பி?”

மறுநாள் காலையில் முட்டுக் கொடுக்கச் சவுக்குக் கம்புகள் வந்து இறங்கின.

எப்படிச் சரிசெய்தோம்

தண்ணீர் வரும் வழியை முதலில் அடைக்காமல் கீழே பூசுவது வீண். ஆகவே மாடியில் வெடித்துக் கிடந்த பழைய தட்டோடுகளைப் பெயர்த்தோம். தண்ணீர் தேங்காமல் குழாய்ப் பக்கம் ஓடும்படி சரிவு கொடுத்துப் புதுத் தளம் போட்டோம். கீழே முட்டுக் கொடுத்து, லூசான கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுத்தோம். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு அடித்தோம். மெலிந்துபோன கம்பிகளுக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டினோம். பிறகு பாலிமர் கலந்த கலவையைப் படலம் படலமாக ஏற்றினோம். மூன்றாம் நாளே “காஞ்சிடுச்சு தம்பி” என்று முட்டைப் பிரிக்க வந்தார்கள். விடவில்லை. பதினான்கு நாள் தண்ணீர் காட்டி முடியும்வரை நானே காலையும் மாலையும் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்து வைத்தேன்.

ரிப்பேர் வரிசையையும் சொல்லிவிடுகிறேன்: மாடித் தளம், கூரை, குழாய் மற்றும் ஒயரிங் காடி, பூச்சு, டைல்ஸ், கடைசியில் பெயிண்ட். மேலிருந்து கீழே, ஈரத்திலிருந்து உலர்ந்ததுக்கு. இந்த வரிசை மாறினால் ஒரே வேலைக்கு இரண்டு கூலி.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பட்ட பிறகு புத்தி வந்தது. உங்களுக்காவது முன்கூட்டி உதவட்டும்.

1. தட்டிப் பாருங்கள்: சிறு சுத்தியலால் கூரையையும் சன்ஷேடையும் தட்டுங்கள். ‘ணங்’ என்றால் நலம். ‘டொப்’ என்றால் உள்ளே பிரிந்திருக்கிறது.

2. விரிசலைப் படியுங்கள்: ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாக ஏறினால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். கூரைக்குச் சற்றுக் கீழே படுக்கை வசமாக ஓடினால், பெரும்பாலும் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வந்தது. சந்தேகமிருந்தால் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி வையுங்கள். சில வாரத்தில் கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது.

3. ஓதம் பாருங்கள்: தரையிலிருந்து மூன்று அடி உயரம்வரை சுவரில் உப்புப் பொரிந்திருந்தால் ஈரம் கீழிருந்து ஏறுகிறது. பெயிண்ட் அடித்தால் மறையும், மழைக்காலத்தில் திரும்பி வரும்.

4. தூக்குக் குண்டும் ரசமட்டமும் கொண்டு போங்கள்: சர்வே லேபோடு அவற்றின் வேலை முடிந்துவிடவில்லை.

5. புது வெள்ளையைச் சந்தேகியுங்கள்: ஒரு மூலை மட்டும் பளிச்சென்று இருந்தால் அங்கேதான் முதலில் ஏணி போட வேண்டும்.

விற்ற கதை

ஆனி கடைசியில் வீடு தயார். அடுத்தது ஆடி! ஆடியில் எங்கள் பக்கம் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள். வட்டிக்கு மட்டும் ஆடி, ஆவணி தெரியாது, மாதம் 8,000. ஆவணியில் ஒரு பள்ளி ஆசிரியர் குடும்பத்தோடு வந்தார். கூரை விஷயத்தை மாமா தாமாகவே சொல்லி, என் போனிலிருந்த படங்களையும் காட்டச் சொன்னார். ஆசிரியர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். ‘போச்சுடா’ என்று நினைத்தேன். மறு ஞாயிற்றுக்கிழமை ஒரு இன்ஜினீயரோடு வந்தார். அந்த இன்ஜினீயர் பையிலிருந்து சுத்தியலை எடுத்து நேராகச் சமையலறைக் கூரையைத்தான் தட்டினார். ‘ணங்’ என்றது. வெறும் பூச்சுப் பூசியிருந்தால் அந்த இடத்திலேயே வியாபாரம் முறிந்திருக்கும்.

புரட்டாசி கழிந்து ஐப்பசியில் 38 லட்சத்துக்குக் கிரையம் முடிந்தது. இனி கணக்கு:

வீட்டு விலை 28,00,000
முத்திரை, பதிவு 2,52,000
வக்கீல், பத்திர எழுத்து 15,000
வாங்கும்போது புரோக்கர் 28,000
ரிப்பேர் 5,40,000
ஒன்பது மாத வட்டி 72,000
மின்சாரம், வீட்டு வரி 12,000
விற்கும்போது புரோக்கர் 38,000
மொத்தம் 37,57,000

லாபம் ரூபாய் 43,000. வாங்கிய 24 மாதத்துக்குள் விற்றதால் இது குறுகிய கால லாபம். மாமாவின் அந்த வருஷ வருமானத்தோடு சேர்த்துத்தான் வரி. பில் இல்லாத செலவை ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பதால் ஆணி வாங்கிய பில்லையும் பத்திரப்படுத்தினோம்.

தப்பு எங்கே?

கூரையால்தான் லாபம் போனது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நோட்டை எடுத்துக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். விற்கக்கூடிய விலை 38 லட்சத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். விற்பனைப் புரோக்கர், ரிப்பேர், வட்டி, வரி, வக்கீல் எல்லாம் கழித்து, நமக்கு வேண்டிய லாபம் 4 லட்சத்தையும் கழித்தால் 27,23,000 நிற்கிறது. இதற்குள் வீட்டு விலையும், அதன்மேல் பதிவு 9 சதவீதமும், புரோக்கர் 1 சதவீதமும் அடங்க வேண்டும். ஆக 1.10-ஆல் வகுத்தால் சுமார் 24,75,000. அதுதான் நாங்கள் கொடுத்திருக்க வேண்டிய உச்ச விலை. கொடுத்ததோ 28 லட்சம்! லாபம் விற்கும் நாளில் போகவில்லை, வாங்கிய நாளிலேயே போய்விட்டது. அன்று நான் கூரையைத் தட்டியிருந்தால், அந்த 1,40,000-ஐக் காட்டி விலையைக் குறைத்திருக்கலாம், அல்லது கும்பிடு போட்டு வந்திருக்கலாம்.

இந்தத் தொழில் அமெரிக்காவில் பிரபலம். அங்கே ஒரு கட்டைவிரல் கணக்கு உண்டு: சரிசெய்த பின் போகும் விலையில் 70 சதவீதம் எடு, அதில் ரிப்பேரைக் கழி, அதற்குமேல் கொடுக்காதே. அந்தக் கணக்கில் எங்கள் வீட்டுக்கு 21,20,000-தான் வருகிறது. அங்கேயே ஜில்லோ என்ற பெரிய நிறுவனம், வீடுகளை வாங்கிச் சரிசெய்து விற்கும் வேலையில் 2018-இல் இறங்கி, பெருநஷ்டப்பட்டு 2021 நவம்பரில் அதை விட்டு விலகுவதாக அறிவித்தது. விற்கப்போகும் விலையை முன்கூட்டிச் சரியாகக் கணிக்க அவர்களின் கம்ப்யூட்டராலும் முடியவில்லை. நம்ம மாமா எம்மாத்திரம்!

நண்பர்களே! நாளைக்கு உங்கள் சித்தப்பாவோ பெரியப்பாவோ “நீ டிப்ளமோ படிக்கிறே இல்லே, வந்து பாரு” என்று கூப்பிடுவார்கள். நமக்கு அது பெருமை. அவர்களுக்கு அது வாழ்நாள் சேமிப்பு. தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வராதீர்கள். ஏணி கேளுங்கள், சுத்தியல் எடுத்துப் போங்கள்.

மார்க்கைச் சொல்ல மறந்தேனே! ஜஸ்ட் பாஸ். அம்மாவின் 12 பவுனும் தீபாவளிக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தது. மாமா இப்போது வேறொரு வீடு பார்த்திருக்கிறார். விலை பேசுவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்தார்: “மாப்ளே, சுத்தியலோட வா.”