பேரரசர் அவைக்கு நடந்து சென்ற சமண முனிவர்

குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் மும்பையிலும் வாழும் நம்மவர், வெள்ளாடை உடுத்து, வெறுங்காலுடன் விடியற்பொழுதில் நடந்து செல்லும் சமணத் துறவியரைக் கண்டிருத்தல் கூடும். ஊர்தி ஏறாமை அவர்தம் நோன்பு. மழைக்காலத்தின் நான்கு மாதங்களையும் ஓரூரில் கழித்து, எஞ்சிய மாதங்களில் ஊர் ஊராக நடப்பர். இந்நடைக்கு 'விகாரம்' என்று பெயர். அந்நோன்பினின்றும் வழுவாது ஒரு பேரரசரின் அவைவரை நடந்து சென்ற ஹீரவிஜய சூரியின் வரலாற்றை இங்கு நோக்குவோம்.

இவர் 1527ஆம் ஆண்டு பாலன்பூரில் பிறந்தவர். சுவேதாம்பரப் பிரிவினரின் தபா கச்சத்திற்குத் தலைவராக விளங்கியவர். 1582இல் இவர் குஜராத்தின் காந்தார் என்னும் கடற்கரை ஊரில் தங்கியிருந்தபோது, அக்பரின் அழைப்பு வந்தது. அகமதாபாத், கம்பாத் நகரங்களின் வணிகப் பெருமக்கள் காந்தாரில் கூடி ஆராய்ந்தனர் என்று சமண நூல்கள் கூறும். குருவை அனுப்ப அஞ்சினோரும் இருந்தனர். அழைப்பை மறுத்தால் விளையக்கூடிய தீங்கும் சிறிதன்று. முடிவில், செல்வதே அறத்திற்கு நன்மை என முனிவர் துணிந்தார்.

அகமதாபாத்தில் மாகாண அதிகாரி அளிக்க முன்வந்த குதிரை, பல்லக்கு, பொருள் ஆகிய எதனையும் அவர் ஏற்கவில்லை. கையில் காசின்றி இத்தனை தொலைவு நடப்பது எங்ஙனம் இயலும்? பாட்டண், சிரோஹி, மேர்த்தா, சாங்கானேர் என வழியெங்கும் சமண இல்லறத்தார் இருந்தனர்; அவர்களுள் பெரும்பாலோர் வணிகர். துறவியர் தங்குதற்கென 'உபாசிரயம்' என்னும் இடங்களை அமைத்தவர்கள் அவர்களே. துறவியோ தமக்கெனச் சமைத்த உணவை ஏற்பதில்லை. பல இல்லங்களிற் சிறிது சிறிதாகப் பெற்று உண்பார். அதற்கு ஈடாக, பொய்யாமையையும் உடைமைக்கு ஓர் எல்லை வகுத்தலையும் அவர்களுக்கு உபதேசிப்பார். பொருள் ஈட்டுவோரும் பொருளைத் துறந்தோரும் இவ்வாறு ஒருவரையொருவர் தாங்கி நின்றனர்.

1583இல் முனிவர் பதேபூர் சிக்ரியை அடைந்து, முதலில் அபுல் பசலுடன் உரையாடினார். அவையில் விரித்திருந்த கம்பளத்தின்மேல், அடியில் சிற்றுயிர்கள் இருக்கலாமென்று கருதிக் கால் வைக்க மறுத்தார் என்பதும் அந்நூல்கள் கூறும் செய்தி. அரசர் அளித்த நூல்களையும் முதலில் மறுத்தார். பின்னர் ஏற்று, ஆக்ராவில் ஒரு நூல்நிலையத்தில் வைக்கச் செய்தார். தமக்கென ஒன்றும் வேண்டாத அவர், சிறைப்பட்டோரையும் கூண்டுப் பறவைகளையும் விடுவிக்குமாறு வேண்டினார். பரியூஷண நோன்பையொட்டிப் பன்னிரண்டு நாட்கள் உயிர்க்கொலை கூடாதென ஆணை பிறந்தது. 1584இல் அக்பர் அவருக்கு 'ஜகத்குரு' என்னும் பட்டம் வழங்கினார். 'அயினி அக்பரி'யும் அவரை முதல்வரிசை அறிஞருள் வைத்து எண்ணுகிறது.

முனிவர் 1595இல் சௌராஷ்டிரத்தின் ஊனாவில் மறைந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், கம்பாத் வணிகர் தேஜபாலர் சத்துருஞ்சய மலையில் ஆதிநாதர் கோயிலைப் புதுப்பித்தார். ஹீரவிஜயரே அதற்குப் பிரதிஷ்டை செய்வித்தார். அங்குள்ள கல்வெட்டு, வணிகரின் திருப்பணியோடு அக்பரின் ஆணைகளையும் கூறுகிறது. காந்தாரில் குருவின் பயணத்தை எண்ணிக் கவலையுற்ற அச்சமூகம், அப்பயணத்தின் பயனைக் கல்லிற் பொறித்து வைத்தது.