அசல் இன முயலுக்கு அத்தாட்சி எது?

தை பிறந்தால் புதுக்கோட்டை மாவட்டத்தில் வாடிவாசல்கள் திறந்துவிடும். தச்சங்குறிச்சியிலும் விராலிமலையிலும் அவிழ்த்துவிடப்படும் காளை எந்தத் தொழுவத்தில் பிறந்தது, அதன் தாய்ப்பசு யாருடையது என்பதை ஊர்ப் பெரியவர்கள் வாய்மொழியாகவே சொல்லிவிடுவார்கள். வீட்டுக்கு ஒன்றிரண்டு மாடுகள் என்பதால் அதற்கு நினைவே போதும்.

முயலுக்கு அது போதாது. பத்துப் பெண் முயல்கள், ஆண்டுக்கு ஐந்து ஈற்று, ஈற்றுக்கு ஆறு குட்டிகள் என்று கணக்கிட்டாலே ஓராண்டில் முன்னூறு குட்டிகள் ஆகின்றன. எல்லாம் ஒரே நிறம், ஒரே சாயல். எந்தக் குட்டி எந்தத் தாய்க்கு, எந்தத் தந்தைக்குப் பிறந்தது என்பது எழுதி வைக்காவிட்டால் இரண்டே மாதத்தில் மறந்துபோகும்.

மறந்தால் நஷ்டம் இருவகையில் வரும். தகப்பனையும் மகளையும் அறியாமல் சேர்த்துவிட நேரும். அதனால் ஈற்றில் குட்டிகள் குறையும், பிறப்பவையும் சவலையாக இருக்கும். இரண்டாவது, அசல் இனம் என்று நல்ல விலை கொடுத்து வாங்கிய முயலின் குட்டிகளை அசல் இனம் என்று விற்க எந்த ஆதாரமும் இராது. அவை கறி விலைக்கே போகும்.

நிறம் சாட்சி ஆகாது

தமிழ்நாட்டில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் முயல்களில் ஒயிட் ஜெயண்ட், நியூசிலாந்து ஒயிட், சோவியத் சின்சில்லா, கிரே ஜெயண்ட் ஆகியவை முக்கியமானவை. இவற்றில் முதல் இரண்டும் வெள்ளை நிறம், சிவந்த கண். இவ்விரண்டையும் கலந்தால் பிறப்பவையும் வெள்ளையே. கலப்பு நடந்ததைக் கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

சின்சில்லாவில் வேறொரு சங்கதி உண்டு. சாம்பல் நிறச் சின்சில்லா ஜோடி சில சமயம் வெள்ளைக் குட்டிகளைப் போடும். வெள்ளை நிறத்துக்கான குணம் தாய், தந்தை இரண்டின் இரத்தத்திலும் மறைந்திருந்தால்தான் இப்படி நடக்கும். அதாவது இருபுறத்து முன்னோரிலும் எங்கோ வெள்ளை கலந்திருக்கிறது. எந்த ஜோடி வெள்ளைக் குட்டி போட்டது என்று குறித்திருந்தால் அந்த இரண்டையும் இனவிருத்தியிலிருந்து விலக்கலாம். குறிக்காவிட்டால் குணம் மந்தை முழுவதும் பரவிவிடும்.

முதலில் எண், பிறகு ஏடு

அடையாள எண் இல்லாத முயலுக்கு வம்சாவளி எழுத முடியாது. எளிய முறை ஒன்று: பிறந்த ஆண்டு, அந்த ஆண்டில் எத்தனையாவது ஈற்று, அந்த ஈற்றில் எத்தனையாவது குட்டி என்ற வரிசையில் எண் கொடுப்பது. 25-07-3 என்றால் 2025-ஆம் ஆண்டில் கொட்டகையின் ஏழாவது ஈற்றில் மூன்றாவது குட்டி என்று பொருள்.

இந்த எண்ணை இடது காதின் உட்புறத்தில் பச்சை குத்தலாம். இதற்கென எண் அச்சுகள் பொருத்திய இடுக்கி இருக்கிறது. பெரிய இரத்தக் குழாய்களைத் தவிர்த்துக் குத்தி, மையை நன்றாகத் தேய்க்க வேண்டும். இடுக்கி கிடைக்கும்வரை அழியாத மைப் பேனாவால் காதில் எழுதி, மங்குவதற்கு முன் மறுபடி எழுதலாம். எம்முறையானாலும் தாயிடமிருந்து பிரிக்கும் நாளிலேயே, வேறு ஈற்றுக் குட்டிகளுடன் சேர்ப்பதற்கு முன்பே, எண் போட்டுவிட வேண்டும். ஒருமுறை கலந்த குட்டிகளைப் பிரித்து அடையாளம் சொல்ல எவராலும் ஆகாது.

மூன்று பதிவுகள்

முதலாவது கூண்டு அட்டை. முயலின் எண், இனம், பிறந்த நாள், தாய் எண், தந்தை எண் ஆகியவற்றை எழுதி அதன் கூண்டிலேயே தொங்கவிட வேண்டும். முயல் கூண்டு மாறினால் அட்டையும் உடன் மாற வேண்டும்.

இரண்டாவது இனவிருத்திப் பதிவேடு. இதுதான் அடிப்படை. ஒரு மாதிரிப் பதிவு: பெண் 24-03-2, ஆண் 24-05-1, சேர்த்த நாள் 3.8.2025, சினை பார்த்த நாள் 17.8.2025, ஈன்ற நாள் 3.9.2025, உயிருடன் 7, இறந்து பிறந்தது 1, பால் மறக்கச் செய்த நாள் 15.10.2025, அன்று இருந்த குட்டிகள் 6, அவற்றின் எடை.

முயலின் சினைக்காலம் சுமார் 31 நாள். எனவே இந்த ஏடே பொய்யையும் காட்டிக்கொடுக்கும். சேர்த்த இருபதாம் நாளில் ஒரு முயல் வளர்ந்த குட்டிகளை ஈன்றால், அதற்கு முன்பே வேறொரு ஆண் சேர்ந்திருக்கிறது என்று அறியலாம். அந்த ஈற்றுக்கு வம்சாவளிச் சீட்டு கொடுக்கக் கூடாது.

மூன்றாவது வம்சாவளிச் சீட்டு. இதில் பெற்றோர் 2, அவற்றின் பெற்றோர் 4, அதற்கு முந்திய தலைமுறை 8 என மொத்தம் 14 முன்னோர்களின் எண்கள் இடம்பெறும். 1910-இல் தொடங்கிய அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கமும் ஒரு முயலைப் பதிவு செய்ய மூன்று தலைமுறை விவரத்தைத்தான் கேட்கிறது. எண்களுடன் எடையும் சேர்த்து எழுதினால் சீட்டுக்கு மதிப்பு அதிகம். பாட்டன் பெயர் மட்டும் தெரிந்து பயனில்லை. பன்னிரண்டு வாரத்தில் பாட்டன் எத்தனை கிலோ இருந்தது என்பதே வாங்குபவருக்கு வேண்டியது.

பதிவு பொய்த்துப்போகும் இடங்கள்

முதல் ஆண் சரியாகச் சேரவில்லை என்ற ஐயத்தில் அன்றே வேறோர் ஆணிடம் விடுவது சிலர் வழக்கம். அப்படிச் செய்தால் தந்தை எது என்று தெரியாது. ஐயம் இருந்தால் அதே ஆணிடமே மீண்டும் விட வேண்டும்.

குட்டிகள் அதிகமுள்ள தாயிடமிருந்து எடுத்து, குறைவாக உள்ள தாயிடம் பாலுக்கு விடுவது நல்ல முறையே. ஆனால் பால் கொடுப்பவள் தாய் ஆகிவிட மாட்டாள். மாற்றும் குட்டியின் காதில் மையால் குறியிட்டு, பெற்ற தாயின் எண்ணையே பதிய வேண்டும். குறியிட முடியாவிட்டால் வெவ்வேறு நிற இனங்களுக்கு இடையே மாற்றுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

ஆண், பெண் குட்டிகளை மூன்று மாதம் ஆகுமுன் பிரித்துவிட வேண்டும். தவறினால் உடன்பிறந்தவையே சேர்ந்துவிடும்.

உறவு பார்த்துச் சேர்த்தல்

தகப்பனும் மகளும், அல்லது ஒரே ஈற்று உடன்பிறப்புகள் சேர்ந்து பிறக்கும் குட்டிக்கு உள்ளினப்பெருக்க அளவு 25 சதவீதம். தந்தை மட்டும் ஒன்றாக இருந்தால் 12.5 சதவீதம். ஒரே ஓர் ஆணை வைத்திருப்பவர் கொட்டகையில் பிறக்கும் எல்லாக் குட்டிகளும் இப்படித் தந்தைவழி உடன்பிறப்புகளே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்று ஆண் முயல்கள் உள்ளவர் மந்தையை மூன்று குடும்பங்களாக வகுத்துக்கொள்ளலாம். பெண் குட்டிகள் தாயின் குடும்பத்திலேயே இருக்கும். முதல் குடும்பத்து ஆண் குட்டி இரண்டாவதற்கும், இரண்டாவதன் ஆண் மூன்றாவதற்கும், மூன்றாவதன் ஆண் முதலாவதற்கும் மாப்பிள்ளையாகப் போகும். அவ்வப்போது வெளியிலிருந்து சீட்டு உள்ள ஓர் ஆணைக் கொண்டுவருவதும் அவசியம்.

பல் கோணலாக நீண்டு தீனி தின்ன முடியாத குட்டி பிறந்தால் பெற்றோரின் எண்களைக் குறிக்க வேண்டும். இக்குறை பரம்பரையாகவும் வரும். ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் சினை பிடிக்காததை மட்டும் வைத்து ஆண் முயலைக் கழித்துவிடக் கூடாது. கடும் வெப்பம் விந்தின் வீரியத்தைக் குறைக்கும். அது தேறச் சில வாரங்கள் ஆகும். சேர்த்த மாதம் ஏட்டில் இருந்தால்தான் குறை முயலிடமா, வெயிலிடமா என்று தெரியும்.

எங்கே தொடங்குவது?

ராஜஸ்தான் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம், கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இயங்குகிறது. ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா முயல்கள் அங்கே வளர்க்கப்படுகின்றன. எங்கே வாங்கினாலும் முயலின் எண், பிறந்த நாள், பெற்றோர் எண்கள் ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஒரே ஜோடியின் குட்டிகளை ஆணும் பெண்ணுமாக வாங்கி வரலாகாது. ஆலோசனைக்கு வம்பன் வேளாண்மை அறிவியல் நிலையத்தையும், புதுக்கோட்டையிலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்தையும் அணுகலாம்.

முன்னோர் தெரியாத முயல்கள் ஏற்கனவே இருந்தால் அந்த இடத்தில் ‘தெரியாது’ என்றே எழுத வேண்டும். ஊகித்து ஓர் எண்ணை நிரப்பினால் ஏடு முழுவதுமே நம்பிக்கை இழக்கும். இன்று தொடங்கினால் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுக்குள் பதினான்கு முன்னோரும் நிரம்பிய சீட்டுடன் குட்டி விற்கலாம்.

இதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும்தான். நோட்டைக் கொட்டகையிலேயே கட்டித் தொங்கவிட்டு, அன்றன்று நடந்ததை அன்றே எழுதிவிடுவது நலம்.