மருந்துப் பெட்டியும் வாக்குச் சீட்டும்



நோயைத் தீர்த்ததும் தம் கடமை முடிந்தது என்று ஒரு வைத்தியர் அமைதி கொள்ளலாம். அன்றி, அந்த நோய் ஏன் வந்தது, தீர்ந்த பின்னும் ஏன் திரும்பி வருகின்றது என்று வினவவும் கூடும். இவ்விரண்டாம் வினாவை எழுப்பியவர் டாக்டர் மேரி இரட்ணம் அம்மையார். அவ்வினாவே அவரை நோயாளியின் படுக்கையருகிலிருந்து கிராமத்துக்கும், கிராமத்திலிருந்து அரசியல் மேடைக்கும் அழைத்துச் சென்றது.

அம்மையார் 1873ஆம் ஆண்டு கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்திலே பிறந்தவர். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில் அக்கல்வியை முடித்து, அமெரிக்க மிஷனின் சார்பில் யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு வைத்தியம் செய்யவென்று 1896இல் இலங்கைக்கு வந்தார். ஆயின், அவர் இரட்ணம் என்னும் தமிழரை மணந்தமையால் மிஷனின் கதவு அடைபட்டது. யாழ்ப்பாணம் இழந்த வைத்தியரைக் கொழும்பு பெற்றது.

அங்கே அவரை நாடி வந்தோர் பெரும்பாலும் பெண்களே. ஆண் வைத்தியர் முன்னிலையில் தம் உடற்குறையைச் சொல்ல நாணி, நோயை முற்றவிட்ட பெண்கள் எத்தனை பேர்! மருந்து கொடுத்தால் மட்டும் போதாது என்பதை அம்மையார் உணர்ந்தார். அசுத்த நீர், சத்தற்ற உணவு, இடைவெளியின்றி நேரும் பேறு ஆகிய மூன்றும் மருந்துச் சீட்டுக்கு அடங்குவன அல்ல. ஆகவே பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூல்கள் எழுதினார். குடும்பக் கட்டுப்பாட்டை வெளிப்படையாக ஆதரித்தார். அதனால் எதிர்ப்பையும் ஏற்றார்.

1930இல் லங்கா மகிளா சமிதி அவர் முயற்சியால் தோன்றியது. இதன் முன்மாதிரி அவர் பிறந்த ஒன்ராறியோவிலேயே இருந்தது. அங்கே, அசுத்தமான பாலால் தம் குழந்தையை இழந்ததாக நம்பிய அடிலெயிட் ஹூட்லெஸ் என்னும் தாயின் தூண்டுதலால் 1897இல் கிராமப் பெண்கள் சங்கம் ஒன்று அமைந்தது. தாய்மார் கூடியிருந்து உணவு, சுகாதாரம், குழந்தை வளர்ப்பு ஆகியவற்றைக் கற்பதே அதன் நெறி.

கற்றால் மட்டும் போதுமா? கிணறும் வைத்தியசாலையும் வேண்டுமென்று கேட்க அதிகாரம் வேண்டாமா? 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் எழுந்தபோது அம்மையார் அதில் முன்னின்றார். பெண்கல்விக்கென 1913இல் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களே சர்வசன வாக்குரிமையை எதிர்த்த காலம் அது. டொனமூர் ஆணைக்குழு முப்பது வயது நிரம்பிய பெண்களுக்கே வாக்களிக்கப் பரிந்துரைத்தது. இறுதியில் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் அவ்வுரிமை கிட்டியது. 1931இல் இலங்கை முழுவதும் பெண்கள் வாக்குச் சாவடிக்குச் சென்றபோது வடக்கின் நான்கு தொகுதிகளில் மட்டும் வேட்பாளரே இல்லை. வாலிபர் காங்கிரசின் பகிஷ்காரமே காரணம். ஊர்காவற்றுறையும் அந்நான்கில் ஒன்று; ஆகவே, நாரந்தனைப் பெண்கள் 1934 வரை காத்திருக்க நேர்ந்தது. அம்மையாரோ 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்மணியானார். 1958இல் மக்சேசே விருது பெற்று, 1962இல் மறைந்தார்.

இவ்வுழைப்பின் பொருளை ஒரு கணக்கு விளக்கும். 1945ஆம் ஆண்டளவில் இலங்கையில் 100,000 பிறப்புகளுக்கு 1,500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை ஐம்பதுக்கும் குறைவு. இது தனியொருவர் சாதனையன்று. புதிய மருந்துகளும், மலேரியாத் தடுப்பும், பயிற்சி பெற்ற மருத்துவமாதரும், பெண்கல்வியும் சேர்ந்து விளைத்த பயன் இது. ஆயினும், பெண்ணின் வாக்கையும் நாடி நிற்கும் அரசு அவளுடைய உயிரை அலட்சியம் செய்தல் அரிது என்பதை மறத்தலாகாது.

கடல் சூழ்ந்த தீவகத்தார்க்கு இது ஏட்டுச் செய்தியன்று. நள்ளிரவில் பேற்றுநோவு கண்டால் வைத்தியசாலை எவ்வளவு தூரம், வாகனம் உண்டா, அங்கே வைத்தியர் இருப்பாரா என்னும் கேள்விகள் எங்கள் தாய்மாரின் உயிரோடு ஒட்டியவை. அவற்றை மாதர் சங்கக் கூட்டத்திலே எழுப்புங்கள். வாக்குக் கேட்டுப் படலைக்கு வருவோரிடமும் தயங்காது கேளுங்கள். வைத்தியத்தின் பாதி அந்தக் கேள்வியிலே தொடங்குகின்றது.