சிறை சென்ற முதல் பெண் ஆடிட்டர் முதல் பத்மஸ்ரீ மனோகரன் வரை... கணக்கைத் தாண்டி உழைத்தவர்கள்!

ஜூலை மாதம் வந்துவிட்டால் ஆடிட்டர் அலுவலகங்களில் தீபாவளிக் கூட்டம்தான். ஜூலை 1 சார்ட்டர்ட் அக்கவுன்ட்டன்ட்கள் தினம். ஜூலை 24 வருமான வரி தினம். ஜூலை 31 சம்பளக்காரர்கள் கணக்குத் தாக்கல் செய்ய வழக்கமான கடைசி நாள். இந்த அவசரத்துக்கு நடுவிலும் ஊருக்கு ஊர் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, தொழிலில் மூத்தவர்களுக்குப் பாராட்டு விழா நடத்துவார்கள். பொன்னாடை, கேடயம், ஒரு குரூப் போட்டோ. மறுநாள் காலையில் பாராட்டு வாங்கியவர் மறுபடி ஃபைல்களுக்குள் தலையை நுழைத்துக்கொள்வார்.

டாக்டரைப் பாராட்டினால் காப்பாற்றிய உயிர் தெரிகிறது. ஆசிரியரைப் பாராட்டினால் கலெக்டரான மாணவர் மேடையேறுகிறார். வரி ஆலோசகர் அப்படி என்ன செய்துவிட்டார் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில், கொஞ்சம் கசப்பான ஒரு செய்தியில் இருக்கிறது.

2025 ஜூலை 14-ம் தேதி, நாடு முழுவதும் சுமார் 150 இடங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. சிக்கியவர்கள் பெரிய முதலாளிகள் அல்ல. கணக்குத் தாக்கல் செய்து தருகிறோம் என்று கிளம்பிய இடைத்தரகர்கள். 'ரீஃபண்ட் வாங்கித் தருகிறோம், அதில் எங்களுக்கு இவ்வளவு சதவிகிதம்' என்பதுதான் பேரம். கட்டாத வீட்டு வாடகை, கொடுக்காத கட்சி நன்கொடை, வராத நோய்க்கு மருத்துவச் செலவு என்று இல்லாத கழிவுகளை எல்லாம் கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள். சோதனைக்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர், தாங்கள் காட்டிய 1,045 கோடி ரூபாய் மதிப்புள்ள பொய்க் கழிவுகளைத் தாங்களாகவே திரும்பப் பெற்றதாகத் துறை தெரிவித்தது.

ஆசை காட்டியவர் கமிஷனோடு போய்விடுவார். நோட்டீஸ் வருவது சம்பளக்காரரின் வீட்டுக்குத்தான். வருமானத்தைத் தவறாகக் காட்டியது நிரூபணமானால், ஏய்த்த வரியைப்போல இரண்டு மடங்கு வரை அபராதம் உண்டு. வட்டி தனி.

அப்படியென்றால், அதே ஊரில் அதே தெருவில் உட்கார்ந்துகொண்டு, 'இந்தக் கழிவு உங்களுக்கு வராது சார்' என்று சொல்லி ஒரு வாடிக்கையாளரை இழந்தவர் செய்தது என்ன? அது சேவை இல்லையா?

விளம்பரம் செய்யக் கூடாத தொழில்

இவர்களைப் பற்றி வெளியில் தெரியாமல் போவதற்குச் சட்டமே ஒரு காரணம். 1949-ம் ஆண்டின் சார்ட்டர்ட் அக்கவுன்ட்டன்ட்கள் சட்டப்படி, ஒரு ஆடிட்டர் விளம்பரம் கொடுத்து வாடிக்கையாளர்களைப் பிடிப்பது தொழில் ஒழுங்கீனம். சில விதிவிலக்குகள் தவிர, கிடைக்கும் லாபத்தில் இவ்வளவு சதவிகிதம் என்று கட்டணம் பேசவும் கூடாது. ரீஃபண்டில் பங்கு கேட்பவரைக் கண்டு சந்தேகப்பட இந்த ஒரு விதியே போதும்!

ஆக, நல்ல ஆடிட்டரின் பெயர் வாய்வழியாகத்தான் பரவ வேண்டும். நாட்டில் இன்று 4 லட்சத்துக்கும் அதிகமான சார்ட்டர்ட் அக்கவுன்ட்டன்ட்கள் இருக்கிறார்கள். வரி வழக்கறிஞர்கள், ஜி.எஸ்.டி பிராக்டிஷனர்கள், வரி ஆலோசகர்கள் எல்லாம் தனி. இத்தனை பேரில் பொதுமக்களுக்குத் தெரிந்த முகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலரில் ஒருவரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால், சென்னையில் வாழ்ந்த அவரைச் சென்னையே பெருமளவு மறந்துவிட்டது.

வேலூர் சிறையில் எடுத்த முடிவு

ஆர்.சிவபோகம். இந்தியாவின் முதல் பெண் சார்ட்டர்ட் அக்கவுன்ட்டன்ட். 1907-ல் பிறந்தவர். லேடி வெலிங்டன் பள்ளியிலும் ராணி மேரி கல்லூரியிலும் படித்தவர். சென்னை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இளம் விதவைகளுக்குத் தங்க இடமும் படிப்பும் ஏற்படுத்திக் கொடுத்த சகோதரி சுப்புலட்சுமியின் தாக்கம் அவரிடம் இருந்தது. இன்னொரு பக்கம் காந்தி. சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி, ஓராண்டு வேலூர் சிறையில் இருந்தார்.

கணக்கியல் படிப்பது என்ற முடிவை அவர் எடுத்தது அந்தச் சிறைக்குள்தான். பெண்கள் வேலைக்குப் போனால் ஆசிரியை அல்லது நர்ஸ் என்று இருந்த காலம் அது. கடைக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் தங்கள் வரவு செலவுப் புத்தகத்தை ஒரு பெண்ணின் முன்னால் விரித்து வைப்பார்களா என்ற கேள்விக்கு, அதுவரை நாட்டில் பதிலே கிடையாது. முதலில் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால்தானே தெரியும்?

விடுதலையாகி வந்தவர், சி.எஸ்.சாஸ்திரி என்ற ஆடிட்டரிடம் பயிற்சியில் சேர்ந்தார். ஜி.டி.ஏ எனப்பட்ட கணக்கியல் டிப்ளமோ தேர்வை எழுதி, 1933-ல் தேர்ச்சி பெற்றார். நாட்டில் அந்தத் தேர்வில் வென்ற முதல் பெண் அவர்.

படித்தாகிவிட்டது, பாஸாகிவிட்டது. இனி பெயரைப் பதிவு செய்துகொண்டு தொழில் தொடங்க வேண்டியதுதான் என்ற நேரத்தில், கதவு சாத்தப்பட்டது. சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று பிரிட்டிஷ் ஆட்சியின் சட்டம் தடுத்தது. திருடிச் சிறை சென்றவருக்கும் தேசத்துக்காகச் சிறை சென்றவருக்கும் அந்தச் சட்டத்தில் வித்தியாசம் இல்லை.

சிவபோகம் நீதிமன்றம் போனார். வழக்காடி வென்றார். 1937-ல் தொழில் தொடங்கினார். தேர்ச்சி பெற்ற ஆண்டையும் தொழில் தொடங்கிய ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நடுவில் நான்கு ஆண்டுகள். இளம் வயதில், கையில் பட்டயத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பது லேசான காரியம் அல்ல.

சுதந்திரத்துக்குப் பிறகு 1949-ல் இந்திய சார்ட்டர்ட் அக்கவுன்ட்டன்ட்கள் நிறுவனம், அதாவது ஐ.சி.ஏ.ஐ உருவானது. அதன் தென்மண்டலக் கவுன்சிலுக்கு 1955 முதல் 1958 வரை தொடர்ந்து மூன்று முறை தலைவராக இருந்தார் சிவபோகம். ஆண்களே நிறைந்திருந்த சபை அது. ஒருமுறை தலைவரானால் மரியாதைக்காகக் கொடுத்தார்கள் என்று சொல்லலாம். மூன்று முறை என்றால் வேலை தெரிந்தவர் என்று பொருள்.

1956-ல் அவர் இன்னொரு காரியம் செய்தார். சி.ஏ இறுதித் தேர்வை முதல் முயற்சியிலேயே முடித்து, அதிக மதிப்பெண் எடுக்கும் பெண்ணுக்கு ஒரு பரிசை ஏற்படுத்தினார். அந்தக் காலத்தில் தேர்வு எழுதிய பெண்களே சொற்பம். பரிசு வாங்க ஆள் வருமா என்று யோசிக்காமல், ஆள் வருவார்கள் என்று நம்பி நிதி வைத்தவர். இன்று ஐ.சி.ஏ.ஐ உறுப்பினர்களில் பெண்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிட்டது.

திருமணம் செய்துகொள்ளவில்லை. கடைசி வரை கதர்தான். 1966 ஜூன் மாதம், 60 வயதைத் தொடும் முன்பே மறைந்தார். விருது வாங்கிய பட்டியல் எதுவும் பெரிதாக இல்லை. அவர் பெயரில் மற்றவர்களுக்குப் போன பரிசுதான் இருக்கிறது.

ஸ்டேடியத்தில் பட்ஜெட் பாடம்

வரித் துறையில் தேசம் கொண்டாடிய பெயர் என்றால், மும்பையின் நானி பல்கிவாலா. சிறுவயதில் திக்குவாயாக இருந்தவர். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு விரிவுரையாளர் வேலைக்கு முயன்று, கிடைக்காததால் சட்டத்துக்கு வந்தவர். 30 வயதில், 1950-ல் தன் சீனியர் காங்காவுடன் சேர்ந்து அவர் எழுதிய வருமான வரிச் சட்ட நூல், வரி வழக்கறிஞர்களின் மேஜையில் நிரந்தர இடம் பிடித்தது.

ஆனால், சாதாரண மக்கள் அவரை அறிந்தது அந்தப் புத்தகத்தால் அல்ல. 1958-ல் மும்பையில் ஒரு ஹோட்டலின் சின்ன ஹாலில், மத்திய பட்ஜெட்டைப் பற்றி எளிமையாகப் பேச ஆரம்பித்தார். கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகி, கிரிக்கெட் ஆடும் பிரபோர்ன் ஸ்டேடியத்துக்கே இடம் மாற்ற வேண்டியதாயிற்று. 1970-களின் தொடக்கத்தில் வருமான வரியின் உச்ச விகிதம் சர்சார்ஜையும் சேர்த்து 97.75 சதவிகிதமாக இருந்தது என்றால் இன்றைய இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். அந்தப் படிநிலையில் கூடுதலாக 100 ரூபாய் சம்பாதித்தால், கையில் மிஞ்சுவது இரண்டேகால் ரூபாய்! அதையெல்லாம் கையில் குறிப்புகூட இல்லாமல் புள்ளிவிவரத்தோடு அவர் விளக்க, மக்கள் புல்தரையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

கேசவானந்த பாரதி வழக்கில் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்புக்காக வாதாடியவரும் இவரே. 1998-ல் பத்ம விபூஷண். 2002-ல் மறைந்த பிறகு, 2004-ல் தபால் தலை. தமிழ்நாட்டோடும் அவர் பெயருக்குத் தொடர்பு இருக்கிறது. அவரது வருமான வரி நூலின் பத்தாவது பதிப்பைத் திருத்தித் தந்தவர் சென்னையின் மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாதர். தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில், சட்ட மாணவர்களுக்கான வரி மாதிரி நீதிமன்றப் போட்டி பல்கிவாலா பெயரில் நடக்கிறது.

சத்யம் காப்பாற்றிய சென்னை ஆடிட்டர்

2009 ஜனவரி 7. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவரே, கணக்குப் புத்தகத்தில் 7,000 கோடி ரூபாய்க்கும் மேல் மோசடி என்று கடிதம் எழுதி ஒப்புக்கொண்ட நாள். சுமார் 50,000 ஊழியர்கள் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியாமல் நின்றார்கள். மத்திய அரசு பழைய இயக்குநர் குழுவைக் கலைத்துவிட்டுப் புதியவர்களை நியமித்தது. அவர்களில் ஒருவர், சென்னை ஆடிட்டர் டி.என்.மனோகரன்.

கணக்கையே நம்ப முடியாத கம்பெனியில் சம்பளத்துக்குப் பணம் புரட்ட வேண்டும். வாடிக்கையாளர்கள் ஓடிவிடாமல் பிடித்து நிறுத்த வேண்டும். வாங்குவதற்கு ஆள் தேட வேண்டும். ஏப்ரல் மாதமே ஏலம் முடிந்து, சத்யம் டெக் மஹிந்திராவின் கைக்குப் போனது. வேலை செய்யும் கம்பெனியாகவே போனது என்பதுதான் முக்கியம்.

2010-ல் மனோகரனுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. ஐ.சி.ஏ.ஐ-யின் தலைவராக அதற்கு முன்பே இருந்தவர். பின்னாளில் கனரா வங்கியின் தலைவர். ஆனால், சி.ஏ மாணவர்களிடம் கேட்டால் இந்தப் பதவிகளைச் சொல்ல மாட்டார்கள். அவர் எழுதிய வருமான வரிப் பாடப் புத்தகத்தையும் அவர் நடத்திய வகுப்புகளையும்தான் சொல்வார்கள். 2025 ஜூலை 30-ம் தேதி அவர் காலமானபோது, ஐ.டி.பி.ஐ வங்கியின் தலைவராக இருந்தார்.

மேடைக்கு வராதவர்கள்

தேசிய விருதுகள் இப்படிச் சிலரைத் தேடி வரும். நம் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடிப்படி ஏறிப்போகும் அலுவலகங்களில் நடப்பது வேறு வகை வேலை.

கணவர் திடீரென்று இறந்துவிடுகிறார். அவர் பெயரில் வர வேண்டிய ரீஃபண்ட் நிற்கிறது. மனைவி தன்னைச் சட்டப்பூர்வ வாரிசாக இணையதளத்தில் பதிவு செய்து, கணவருடைய கணக்கைத் தாக்கல் செய்தால்தான் பணம் வரும். பாஸ்வேர்டு என்றால் என்னவென்று தெரியாத அம்மாவுக்கு அதைச் செய்து கொடுக்க ஒரு ஆள் வேண்டும். வரி வரம்புக்குள் வராத ஓய்வூதியதாரரின் டெபாசிட் வட்டியில் வங்கி டி.டி.எஸ் பிடித்துவிடுகிறது. ஏப்ரலிலேயே உரிய படிவத்தைக் கொடுக்கச் சொல்லி ஞாபகப்படுத்த ஒருவர் வேண்டும். முதியோர் இல்லம் நடத்தும் அறக்கட்டளை, வரிவிலக்குப் பதிவைப் புதுப்பிக்க மறந்தால், வந்த நன்கொடைக்கே வரி கட்ட வேண்டி வரும் அபாயம். இந்த வேலைகளுக்கெல்லாம் வாங்கும் கட்டணம் ஆடிட்டரின் டீ செலவுக்குக்கூடக் காணாது. பலர் வாங்குவதும் இல்லை.

போதாக்குறைக்கு, 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்களைத் தூக்கத்திலும் சொல்லும் சீனியர்கள், பேரன் வயது ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி எண்களைப் படிக்கிறார்கள்.

2016-17 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, ஒழுங்காக வரி கட்டியவர்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று வகை பிரித்துப் பாராட்டுச் சான்றிதழ் அனுப்ப ஆரம்பித்தது வருமான வரித்துறை. நல்ல விஷயம்தான். கட்டியவர் பெயர் அதில் இருக்கும். கட்டச் சொன்னவர் பெயர் இருக்காது.

உள்ளூர்ச் சங்கங்களும் சேவை அமைப்புகளும் விருதுக்கு ஆள் தேடும்போது, எத்தனை வருட அனுபவம், எவ்வளவு பெரிய கம்பெனிகள் என்று பார்ப்பதே வழக்கமாக இருக்கிறது. எத்தனை ஜூனியர்களை ஆளாக்கினார், காசு கொடுக்க முடியாதவர்களுக்கு எத்தனை நோட்டீஸுக்குப் பதில் எழுதினார், எந்தப் பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட மறுத்தார் என்பதைக் கேட்டால், மேடையில் வேறு சிலர் உட்கார்ந்திருக்கலாம்.

உங்களுக்கு அப்படி ஒரு ஆடிட்டரைத் தெரியுமா? பத்ம விருதுகளுக்கு யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம். மத்திய அரசின் விருதுகள் இணையதளத்தில், அவர் செய்ததை 800 வார்த்தைகளுக்குள் எழுதி அனுப்பினால் போதும். தனக்குத் தானே விண்ணப்பிக்கவும் அனுமதி உண்டு. ஆனால், ஒரு சிக்கல். 2026-ம் ஆண்டு விருதுகளுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட கடைசி நாள் ஜூலை 31. அந்தத் தேதியில் எந்த ஆடிட்டருக்கும் தனக்காக 800 வார்த்தை எழுத நேரம் இருக்காது. நீங்கள்தான் எழுத வேண்டும்.