எண்ணெயும் நீரும் கூடிய மேனிப்பூச்சு

எண்ணெயும் நீரும் ஒன்றாகா என்பது பள்ளிப் பருவத்திலேயே நாம் அறிந்த செய்தி. ஆயினும் மேனியில் தடவும் லோஷன் புட்டிக்குள் அவ்விரண்டும் மாதக்கணக்கில் பிரியாது கூடியிருக்கின்றன. அவற்றைக் கூட்டுவிக்கும் பொருளையே வேதியியலார் பால்மமாக்கி என்பர். அதன் மூலக்கூற்றின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். எனவே அது ஒவ்வோர் எண்ணெய்த் துளியையும் சூழ்ந்து நின்று, துளிகள் மீண்டும் ஒன்றுகூடித் திரளாமல் தடுக்கிறது. பாலில் இப்பணியைப் புரதங்கள் செய்கின்றன.

நீரில் எண்ணெய் பரவிய பூச்சு பிசுபிசுப்பின்றி விரைவில் உலரும். எண்ணெயில் நீர் பரவியதோ தோல்மேல் படலமாய்த் தங்கி ஈரம் காக்கும். இவ்விரண்டில் எது அமையும் என்பதைப் பெரும்பாலும் பால்மமாக்கியே முடிவு செய்கிறது. பண்டைக் கிரேக்க மருத்துவர் கேலன் பெயரால் வழங்கும் தேன்மெழுகுக் களிம்பு நெடுநாள் நில்லாது. ஆட்டு உரோமக் கொழுப்பிலிருந்து ஐசக் லிஃப்சூட்ஸ் உருவாக்கிய 'யூசெரிட்' என்னும் பால்மமாக்கியே அக்குறையை நீக்கியது. அதனைக் கொண்டுதான் 1911இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நிவியா களிம்பு பிறந்தது. பனிபோன்ற வெண்மை கருதி இலத்தீன் மொழியில் இட்ட பெயர் அது.

பால்மமாக்கிகள் யாவும் தோலுக்கு நண்பர்கள் என எண்ணிவிடலாகாது. நம் புறத்தோலின் உயிரணுக்களுக்கு இடையே கொழுப்புப் பொருள்கள் சாந்துபோல் அமைந்து காவல் புரிகின்றன. சோடியம் லாரில் சல்ஃபேட் போன்ற வலிய பால்மமாக்கி, புட்டியிலுள்ள எண்ணெயை நீரோடு இணைப்பதுபோலவே இக்காவற் கொழுப்பையும் கலைக்க வல்லது. அதனைக் கொண்ட 'அக்குவஸ் கிரீம்', கரப்பான் நோயுற்ற குழந்தைகளுக்கு எரிச்சலும் தடிப்பும் உண்டாக்கலாம் என்று பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2013இல் எச்சரித்தது. தோலைக் காக்கவென்று தடவுவதே தோலை நலிவிப்பது எத்துணை விந்தை! கழுவி நீக்கும் சோப்பில் அது தங்கும் நேரம் சிறிது. பூசி விடும் களிம்பிலோ அது தோலிலேயே தங்கிவிடுகிறது.

புட்டியின் சீட்டில் 'சீட்டரைல் ஆல்கஹால்' எனக் கண்டு மலைப்போரும் உளர். அது போதை தரும் மதுவன்று. பால்மத்திற்கு உறுதியூட்டும் மெழுகு போன்ற வெண்ணிறத் திண்மம். 'கிளிசரைல் ஸ்டியரேட்' குறித்து வினவுவதோ முறையானதே. அது தாவர எண்ணெயிலிருந்தும் கிடைக்கும். விலங்குக் கொழுப்பிலிருந்தும் கிடைக்கும். பெயரைக் கொண்டு மூலத்தை அறிய இயலாது. தயாரிப்பாளரையே கேட்டறிதல் வேண்டும்.