வயதைக் கேட்குமுன் ஊரைக் கேட்கிறார்கள்

1987இல் அமெரிக்காவில் 'லெஷர் சூட் லாரி' என்றொரு கணினி விளையாட்டு வந்தது. பெரியவர்களுக்கானது. வந்திருப்பவர் பெரியவர்தானா என்று பார்க்க, தொடக்கத்தில் சில பொது அறிவுக் கேள்விகளைக் கேட்பார்கள். அமெரிக்க அரசியல், அந்நாட்டுப் பிரபலங்கள் என்று வயது வந்த அமெரிக்கருக்குத்தான் தெரிந்திருக்கும் சங்கதிகள். நம்மூர் ஐம்பது வயதுக்காரர் அதில் தேறியிருக்க மாட்டார். அமெரிக்கச் சிறுவனுக்கோ கவலையே இல்லை. விசைப்பலகையில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கேள்விகளையே தாண்டிவிடலாம்.

இணையம் வந்த பிறகு அந்தக் கேள்விகள்கூட மிஞ்சவில்லை. "எனக்கு 18 வயது நிரம்பிவிட்டது" என்று ஒரு பொத்தான், அவ்வளவுதான். சில தளங்கள் பிறந்த தேதி கேட்கும். ஆண்டை உருட்டிக் கைக்குச் சிக்கியதைத் தொட்டால் வழி திறந்துவிடும். எல்லோரும் சொன்ன பொய், எல்லோருக்கும் தெரிந்த பொய். ஆனால் அந்தப் பொத்தானிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. பாஸ்டன்காரரையும் பரமக்குடிக்காரரையும் அது ஒரே மாதிரி நடத்தியது. எந்த ஊர் என்று கேட்கவில்லை.

இன்று முதல் கேள்வியே அதுதான். நம் வாயிலிருந்து பதில் வரும்வரை காத்திருக்காத கேள்வி. ஆபாசத் தளங்கள் பார்வையாளரின் வயதைச் சரிபார்க்க வேண்டும் என்ற லூசியானா மாநிலச் சட்டம் 2023 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பின்னாலேயே யூட்டா, டெக்சாஸ் என்று வரிசை நீண்டு, இப்போது ஏறத்தாழ பாதி மாநிலங்களில் இத்தகைய சட்டம் இருக்கிறது. லூசியானாவின் சட்டம் லூசியானாவில் இருப்பவருக்குத்தான். ஆகவே வயதைச் சோதிக்கும் முன், இந்த ஆள் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று தளம் கண்டுபிடித்தாக வேண்டும்.

இது முடியாத காரியம் என்றுதான் ஒரு காலத்தில் நீதிமன்றங்களே நம்பின. சிறுவர்களுக்குத் தகாதவற்றை இணையத்தில் தடுக்க முயன்ற சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 1997இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. பார்ப்பவரின் வயதை அறிய உருப்படியான வழி அன்று இல்லை என்பது அதற்கு ஒரு காரணம். அடுத்து வந்த இன்னொரு சட்டத்தை 2000 ஜூனில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது. இணையத்தில் எழுதுபவர் தன் பக்கத்தை எந்த ஊரார் பார்க்கலாம், எந்த ஊரார் கூடாது என்று பிரிக்க முடியாது என்பது அதன் வாதம்.

ஐந்தே மாதம். அதே ஆண்டு நவம்பரில் பாரிஸ் நீதிமன்றம் நேர்மாறாகச் சொன்னது. யாகூவின் ஏலப் பக்கத்தில் நாஜி நினைவுப் பொருள்கள் விற்கப்பட்டன. பிரான்சில் அது குற்றம். பிரெஞ்சுக்காரரை மட்டும் எப்படித் தடுப்பது என்று யாகூ கையை விரித்தது. அவர்களுக்குப் பிரெஞ்சு விளம்பரம் மட்டும் எப்படிக் காட்டுகிறீர்கள் என்பது நீதிபதி பிடித்த பிடி. நீதிமன்றம் அமர்த்திய வல்லுநர் குழுவில் இணையத்தின் அடிப்படை நெறிகளை வகுத்த விண்ட் செர்ஃபும் இருந்தார். பிரான்சிலிருந்து வருவோரில் சுமார் 70 சதவீதம் பேரை, இணைய இணைப்புக்குத் தரப்படும் ஐபி எண்ணை வைத்து அடையாளம் காணலாம் என்றது குழு. குழுவிலிருந்த பென் லாரி, இது எளிதில் ஏமாற்றக்கூடிய அரைகுறை ஏற்பாடு என்று பின்னர் மன்னிப்புக் கடிதமே எழுதினார். ஆனாலும் நிலைத்தது தீர்ப்புத்தான். இணையத்துக்கு எல்லைக்கோடு போடலாம் என்பது அன்று உறுதியானது.

கோட்டைப் போடும் கருவியின் யோக்கியதையை அறிய அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துக்குப் போக வேண்டும். எந்த ஐபி எண் எந்த ஊர் என்று பட்டியல் விற்கும் மேக்ஸ்மைண்ட் நிறுவனத்துக்கு ஒரு சங்கடம்: பல எண்கள் அமெரிக்காவில் இருப்பது தெரியும், அதற்கு மேல் தெரியாது. அவற்றையெல்லாம் நாட்டின் நடுவே ஓரிடத்தில் குறித்துவிட்டார்கள். துல்லியமான நடுப்புள்ளியின் எண்கள் பின்னமாக இருந்ததால் 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என்று முழு எண்ணாக்கினார்கள். அந்த இடத்தில், பாட்வின் என்னும் சிற்றூருக்கு அருகே, ஒரு பண்ணை வீடு இருந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட ஐபி எண்களுக்கு அதுவே முகவரியானது. திருட்டுப்போன பொருள், காணாமல்போன ஆள், இணைய மோசடி என்று எதையெதையோ தேடிக்கொண்டு காவலர்கள் அந்த வாசலில் வந்து நின்றார்கள். வீட்டாருக்கு ஆண்டுக்கணக்கில் காரணமே தெரியவில்லை. 2016இல் ஒரு செய்தியாளர் துருவிக் கேட்ட பிறகுதான் நிறுவனம் அந்தப் புள்ளியை நகர்த்தி ஓர் ஏரிக்குள் போட்டது.

இத்தகைய பட்டியல்களை நம்பித்தான் மாநிலச் சட்டங்கள் ஓடுகின்றன. சமூக ஊடகங்களில் எல்லாப் பயனாளர்களின் வயதையும் சரிபார்க்கக் கட்டளையிடும் மிசிசிப்பி மாநிலச் சட்டம் 2025 ஆகஸ்டில் செயலுக்கு வந்தது. மீறினால் ஒருவருக்கு 10,000 டாலர் வரை அபராதம். புளூஸ்கை என்ற சிறிய நிறுவனம் நம்மால் ஆகாது என்று மிசிசிப்பிக்குக் கதவைச் சாத்தியது. சாத்திய வேகத்தில் மாநிலத்துக்கு வெளியே இருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். கைபேசி நிறுவனங்கள் பல ஊர்களின் போக்குவரத்தை எங்கோ ஒரு மையத்தில் திரட்டித்தான் இணையத்துக்குள் விடுகின்றன. தளத்துக்குத் தெரிவது அந்த மையத்தின் ஊர். மதுரையில் உட்கார்ந்து தேடும்போது சென்னைக் கடை விளம்பரம் வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான்.

துல்லியமாகவும் பிடிக்கலாம், சூதாட்டத் தொழில் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. நியூஜெர்சியில் கைபேசியில் பந்தயம் கட்டச் சட்டம் அனுமதித்தது. பக்கத்து நியூயார்க்கில் 2022 ஜனவரி வரை அனுமதி இல்லை. நியூயார்க்காரர்கள் சைக்கிளில் ஏறி ஹட்சன் ஆற்றின் மேலுள்ள ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தில் போவார்கள். நடுவே மாநில எல்லையைத் தாண்டியதும் கைபேசி சம்மதிக்கும். பந்தயத்தைக் கட்டிவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவார்கள். ஜிபிஎஸ், சுற்றியிருக்கும் வைஃபை என்று எல்லாவற்றையும் அந்தச் செயலி மோப்பம் பிடிப்பதால்தான் இது சாத்தியம். பணம் வைத்து ஆட வருபவர் அதற்கு இசைகிறார், சரி. செய்தி படிக்கவும் அரட்டையடிக்கவும் வருபவரிடமும் அதைக் கேட்கலாமா?

கேட்கும் நாள் தூரத்தில் இல்லை. 2025 ஜூலை 25இல் பிரிட்டனில் வயதுச் சோதனை கட்டாயமானபோது, அங்கிருந்து தன் விபிஎன் சேவையில் சேருவோர் 1,400 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டதாக ப்ரோட்டான் நிறுவனம் சொன்னது. இணைப்பை வேறு நாட்டு வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் இருந்தால் லண்டன்காரர் நார்வேக்காரர் ஆகிவிடுவார். 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பர் 10 முதல் தடுத்த ஆஸ்திரேலியா இதை எதிர்பார்த்தே இருந்தது. ஐபி எண் போதாது, ஜிபிஎஸ், கருவியின் மொழி, நேர அமைப்பு, தொலைபேசி எண், பதிவேற்றும் படங்கள் என்று பலவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று அதன் ஒழுங்குமுறை அமைப்பு நிறுவனங்களுக்கு வழிகாட்டியிருக்கிறது.

என் ஆட்சேபம் வயதுச் சோதனையின் மேல் அல்ல. டெக்சாஸ் சட்டத்தை 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று ஏற்றுக்கொண்டது. குழந்தைகளைப் பற்றிய கவலையும் பொய்யில்லை. ஆனால் வயதை ஒரு முறை நிரூபித்தால் தீர்ந்தது, அது குறையப்போவதில்லை. இருப்பிடம் அப்படியா? காலையில் ஒரு மாநிலம், மாலையில் இன்னொன்று. அதை உறுதிசெய்ய வேண்டுமானால் ஒவ்வொரு வருகையிலும் பார்க்க வேண்டும். பார்த்ததற்குச் சாட்சியாக எங்கோ எழுதியும் வைக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் சட்டம் காப்பாற்ற நினைக்கும் பதினான்கு வயதுப் பிள்ளையின் நடமாட்டமும் இருக்கும்.

ஐபி எண் காட்டும் உத்தேசமான ஊரோடு சோதனை நிற்க வேண்டும். ஜிபிஎஸ்ஸைக் கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். விபிஎன் போட்டு நாலு பேர் தப்பினால் தப்பட்டும். பழைய பொத்தானில் தப்பியவர்களைவிட அவர்கள் குறைவுதான்.